நடுக்கடலில் உடைக்கும் தேங்காய்

நானூற்று இரண்டு நாளாகப் பூரணம் கடலைப் பார்க்கவில்லை.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் செய்வது லேசான காரியம் இல்லை. ஊரில் எந்தத் தெருவால் திரும்பினாலும் முனையில் ஒரு துண்டு நீலம் தெரியும். பூரணம் தனக்கென்று ஒரு பாதை கண்டுபிடித்து வைத்திருந்தாள். மாமி வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏழு நிமிட நடை. அவள் பத்தொன்பது நிமிடம் நடந்தாள். அந்தப் பாதையிலும் ஓரிடத்தில், பலகை விற்கும் மரக்காலைக்கும் துணி வெளுக்கும் லோண்டரிக்கும் நடுவே, எட்டு அடி அகலத்துக்குக் கடல் தெரியும். அங்கே வந்ததும் குடையை இடப்பக்கம் சரித்துக்கொள்வாள். வலப்பக்கத்தால் மழை அடிக்கிற நாளிலும் அப்படித்தான். பாதி நனைந்து வகுப்புக்கு வருகிற விஞ்ஞான ரீச்சரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழி இருபத்திரண்டு, பெரிய சூறாவளி அடித்த நாள். பூரணம் அப்போது மூதூரில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வீடு வர, குடாவைக் கடக்கும் மோட்டர்ப் படகான மத்தியான லோஞ்சில் ஏறினாள். பாதிக் குடாவில் இஞ்சின் நின்றது. அதற்குப் பிறகு ஏழு மணித்தியாலம், லோஞ்சு காற்று தள்ளிய பக்கம் போனது. கடைசியில் சம்பூர்க் கரை மணலில் ஏறிப் புரண்டது. பத்தொன்பது பேர். ஒருவரும் சாகவில்லை. ஒரு பெரியவரின் பொய்ப்பல் மட்டும் கடலோடு போனது.

பதினெட்டுப் பேர் அந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லி மகிழ்ந்தார்கள். பத்தொன்பதாவது ஆள் வாய் திறக்கவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து, அடுப்பைப் பார்க்கப் போவது போலக் குசினிக்குள் போய்விடுவாள். ஏனென்றால் அன்று அவளுடைய கையால் ஒன்று நடந்தது. வேறு ஒருவரும் அதைக் காணவில்லை. அந்த ஏழு மணித்தியாலமும் தன்னால் வந்தது என்று பூரணம் நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூடச் சரியில்லை. தன் பெயர் தெரிவது போல அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து, ஓடுகிற எந்த மோட்டரும் நின்றால் அவளுக்குக் கை குளிரும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். சத்தம் இருக்கும்வரை ஒன்றும் இல்லை, நின்றால்தான். மாமி வீட்டுக்கு முன்னால் இருந்ததோ கனகசபையின் அரைக்கிற மில். அது ஒரு நாளைக்குப் பதினைந்து தரம் நிற்கும். மாமி நல்ல மனுசி. மில் நின்ற கணமே குசினிக்குள் இருந்து ஊர் கேட்கக் கத்துவாள்.

"பிள்ளை, பயப்பிடாதை! மில்தான் நிண்டது!"

பூரணம் கதிரையோடு சேர்ந்து துள்ளுவாள்.

பார்வை பார்க்கிறவர் ஒருவர் வந்து கையில் நூல் கட்டினார். கடல் பயந்த உடம்பு, மூன்று வருசத்துக்குத் தண்ணீர் தாண்டக்கூடாது, தாண்டினால் அவளுக்கும் கேடு, கூட வருகிறவர்களுக்கும் கேடு என்றார். விஞ்ஞானப் பட்டதாரியான பூரணம் அதை நம்பவில்லை. ஆனாலும் நாள் எண்ணினாள்.

இப்படி நானூற்று இரண்டாம் நாள் வந்து நின்றபோது, அவளுடைய அண்ணன் குலசிங்கத்தின் கலியாணத்துக்குப் பத்து நாள் இருந்தது.

பெண் சீதேவி, சம்பூர். சூறாவளி அன்று கரையேறிய பத்தொன்பது பேருக்கும் உலர்ந்த உடுப்பும் சுடுகஞ்சியும் கொடுத்தது அவளுடைய வீடுதான். தங்கச்சியைத் தேடி மூன்றாம் நாள் சேற்றோடு போய் இறங்கிய குலசிங்கத்துக்கும் அவள்தான் கஞ்சி கொடுத்தாள். தங்கச்சியை லொறியில் ஏற்றி, ஆறு தாண்டும் இடங்களில் அவள் தலைக்குச் சாக்குப் போர்த்தி, சுற்றுவழியால் ஊர் கொண்டுவந்து சேர்த்த குலசிங்கம், அடுத்த மாதமே கஞ்சிப் பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சம்பூருக்குப் போனான். அது அவர்களுடைய பாத்திரமே இல்லை என்று சீதேவியின் தாய் சொன்னாள். அவன் அசடு வழிந்து நின்றானாம். அப்படித் தொடங்கியது.

தாய் தகப்பன் இல்லாத குலசிங்கத்துக்கு ஒரே சகோதரி பூரணம். கூறைச் சேலைத் தட்டை ஏந்தி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தோழியாக நிற்க வேண்டியவள் அவள். மச்சாள்மார் நிற்கக்கூடாது, கட்டும் முறைக்காரிகள் ஆயிற்றே. ஒருவேளை பூரணத்துக்கு ஏலாமல் போனால் என்று வெருகலில் இருந்து பெரியப்பாவின் மகளைச் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் அங்கே ஒரு தாம்பாளத்தை ஏந்தி நடந்து பழகுகிறாளாம் என்று செய்தி வந்தது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று பூரணம் சோறு தின்னவில்லை.

சுற்றுவழி மாரியில் உடைந்து கிடந்தது. போவதென்றால் லோஞ்சுதான். லோஞ்சில் இன்னொன்றும் இருந்தது. அவர்களுடைய சொந்தத்தில் கலியாண லோஞ்சு பாதிக் குடாவுக்கு வந்ததும் இஞ்சினை நிறுத்துவார்கள். மாப்பிள்ளை எழுந்து, கடலுக்குச் சொல்லிவிட்டு, ஒரு தேங்காய் உடைப்பான். உடைத்த பாதிகள் மிதந்து பின்னால் போய் மறையும்வரை இஞ்சின் பூட்டக்கூடாது. தகப்பன் காலத்திலிருந்து வருகிற வழக்கம்.

பாதிக் குடா. நின்ற இஞ்சின். 

*

மாமியின் மகள் புஸ்பராணி தையற்காரி. கலியாணத்துக்கு ஒன்பது சட்டை தைக்கக் கிடந்தது. அவளுக்கு எதற்கும் பந்தயம் பிடிக்க வேண்டும். பஸ் பிந்துமா, பக்கத்து வளவுக் கோழி இன்றைக்கு இடுமா, ஐயர் தும்முவாரா, எல்லாவற்றுக்கும் பந்தயம்.

"எடி மச்சாள், ஒரு பந்தயம் பிடிப்பமே?" என்றாள், வாயில் ஊசியோடு.

"என்ன?"

"நீ மில்லுக்குள்ளை போய் நிக்கிறாய். மோட்டர் நிக்கும்வரைக்கும். என்ன நடக்கும் எண்டு நீயே சொல்லு. சொன்னது நடந்தால் நான் உனக்குக் கிணத்தடியிலை முப்பது வாளி அள்ளி ஊத்திறன். நடக்காட்டில் நீ எனக்கு."

"மயங்கி விழுவன்."

"எத்தினை நிமிசத்திலை?"

"இரண்டு."

"எழுது. பிறகு மாத்திப்போடுவாய், உன்னைத் தெரியாதே எனக்கு."

பூரணம் ஒரு கொப்பியை எடுத்தாள். பழக்கத்தில் நடுவே கோடு கீறினாள். இடப்பக்கம் 'எதிர்பார்த்தது', வலப்பக்கம் 'கண்டது'. பரிசோதனை வகுப்பில் பிள்ளைகளை அவள் அதிகம் ஏசுவது இந்தக் கோட்டுக்காகத்தான். இடப்பக்கத்தை முதலே மையால் எழுது. கண்டதைப் பார்த்துவிட்டு எதிர்பார்த்ததை அழித்துத் திருத்தாதே. எதிர்பார்த்ததைக் கண்டதாக எழுதாதே. வருசம் இருநூறு தரம் சொல்வாள். அந்த வெறுங்கோட்டைப் பார்த்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. நானூற்று இரண்டு நாளாக அவள் நிரப்பியது இடப்பக்கம் மட்டும்.

மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டர் இரைந்தது, மெல்ல இறங்கியது, நின்றது. பூரணம் சுவரில் முதுகைச் சாய்த்தாள். ஒரு கையில் மணிக்கூடு. நாடியை எண்ணினாள். முதல் நிமிடம் நூற்று முப்பத்தாறு. இரண்டாம் நிமிடம் நூற்று இருபத்தெட்டு. மயக்கம் வரும் என்று காத்திருந்தாள். தும்மல் வந்தது. ஐந்தாம் நிமிடம் நூற்று நாலு.

"ரீச்சர்," என்றார் கனகசபை, "மில்லுக்கு எல்லாரும் மிளகாய் கொண்டு வருவினம். நீங்கள் மணிக்கூடு கொண்டு வந்திருக்கிறியள். அரைக்கவோ?"

வலப்பக்கத்தில் எழுதினாள்: மயங்கவில்லை. கை குளிர்ந்தது. ஆறாம் நிமிடம் 96. தும்மல் 11.

அன்று பின்னேரம் புஸ்பராணி கிணற்றடிக் கல்லில் ராசாத்தி மாதிரிச் சப்பணம் கட்டி உட்கார்ந்தாள். பூரணம் அள்ளி அள்ளி ஊற்றினாள்.

"இன்னும் இந்தப் பக்கம். முதுகிலை. ஆ, சரி. எடி, மெல்ல! இது பதினெட்டாவது, இருபது எண்டு களவு சொல்லாதை."

முப்பதாவது வாளியில் பூரணத்துக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டினாள். "நாளைக்கும் பிடிப்பமே?"

மறுநாள் மில்லுக்குப் போகும் முன் புஸ்பராணி குசினிக்குள் போய்ச் சொன்னாள்: "அம்மா, இண்டைக்கு மில் நிக்கேக்கை நீங்கள் கத்தக்கூடாது. மில் நிக்கிறது அவளுக்குக் கேக்கிறதே இல்லை. நீங்கள் கத்திறதுதான் கேக்கிது."

"நானோ? நான் எப்ப கத்தினனான்?" என்று மாமி கத்தினாள்.

ஆனாலும் மில் நிற்கும்போதெல்லாம் மாமி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். வீட்டுக்குள் பூரணம் கொப்பி திருத்திக்கொண்டிருப்பாள். மோட்டர் நின்றது தெரியாமலே ஓரிரு தரம் கடந்து போனது. மூன்றாம் நாள் மாமி பொறுக்க முடியாமல் வந்து எட்டிப் பார்த்து, "பிள்ளை, இப்ப நிண்டதே, கேட்டதோ?" என்று ரகசியமாகக் கேட்டாள். புஸ்பராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

நாலாம் பந்தயம் மரக்காலைக்கும் லோண்டரிக்கும் இடையே. குடை இல்லாமல். எதிர்பார்த்தது: ஓடிவிடுவேன். கண்டது: ஒரு தோணி, அதில் வலை காய்கிறது, வலையில் ஒரு காகம். இருபது நிமிடம் நின்றேன். காகம்தான் முதலில் போனது.

முப்பது வாளி.

*

ஐந்தாம் பந்தயம் துறைமுகத்தில், லோஞ்சு கட்டும் இடத்தில். இடப்பக்கத்தில் 'மயங்கி விழுவேன்' என்றே எழுதினாள், பழையபடி. மூதூரில் இருந்து வருகிற லோஞ்சு கரைக்குக் கிட்ட வந்தது. டீசல் மணம் முதலில் வந்தது. பிறகு இஞ்சின் நின்றது.

பூரணம் எப்படி எண்ணெய்ப் பீப்பாக்களின் பின்னால் போனாள் என்று அவளுக்குத் தெரியாது. குந்தி இருந்தாள். செருப்பு ஒன்றைக் காணவில்லை. நாடியை எண்ண முடியவில்லை.

புஸ்பராணி செருப்பைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் தானும் குந்தினாள்.

"நீ வெண்டிட்டாய், நான்தான் அள்ள வேணும்," என்றாள். பிறகு கொப்பியை வாங்கிப் பார்த்தாள். "எடி, பொறு. என்ன எழுதினனீ? மயங்கி விழுவன். விழுந்தனியே?"

"இல்லை."

"ஓடினனீ. அதுவும் எவ்வளவு வேகம்! மயங்கின ஆக்கள் உப்பிடி ஓடுவினமே? ஓடுறது வேறை, விழுறது வேறை. பந்தயம் எனக்குத்தான்."

பூரணம் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

அன்று பக்கத்து வளவு அக்கா வந்து மாமியோடு நெடுநேரம் கதைத்தாள். கடலில் பயந்த ஆட்கள் பழையபடி திரும்பினதாய்த் தான் அறியேல்லை என்றாள். தன்னுடைய கொழுந்தனார் சாகும்வரை குளத்தில்கூடக் கால் வைக்கவில்லையாம். பின்னேரம் குலசிங்கம் வந்தான். துறைமுகக் கந்தோரில் கிளாக்கர் வேலை, எப்போதும் இஸ்திரி போட்ட சேட்டு. கதிரை நுனியில் உட்கார்ந்து தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தங்கச்சி, நான் லோஞ்சு ஓட்டுற தண்டேலோடை கதைச்சிட்டன். இஞ்சினை நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொல்லிட்டன். தேங்காயும் வேண்டாம். உனக்கு ஏலாது எண்டு எனக்குத் தெரியும். பேசாமல் கண்ணை மூடிக்கொண்டு வா. அதுவும் ஏலாட்டில், வெருகல் பிள்ளை நிக்கட்டும். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

அவன் குரலில் அவ்வளவு அன்பு இருந்தது. அதுதான் பூரணத்தைக் குத்தியது. மாமி, நூல் கட்டியவர், பக்கத்து வளவு அக்கா, இப்போது அண்ணன். அவளுடைய கொப்பியின் இடப்பக்கத்தை ஊரே சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தது. எல்லாரும் நல்ல கையெழுத்துக்காரர்.

"அண்ணை," என்றாள். "தேங்காயை உடையுங்கோ."

"பிள்ளை, நான் சொல்லிறது..."

"நிப்பாட்டி, உடையுங்கோ. அப்பா உடைச்சவர்தானே. நான் தட்டோடை பக்கத்திலை நிப்பன்."

குலசிங்கம் புஸ்பராணியைப் பார்த்தான். புஸ்பராணி, "என்னைப் பாக்காதேங்கோ அத்தான், இதிலை நான் பந்தயம் பிடிக்கேல்லை," என்றாள்.

அடுத்த நாலு நாளும் பூரணம் துறைமுகத்துக்குப் போனாள். ஆறாம் பந்தயத்தில் பீப்பா வரை ஓடி, திரும்பி வந்தாள். ஏழில் ஓடவில்லை. எட்டில், நின்ற இஞ்சினுக்குப் பிறகு மூதூரில் இருந்து வந்த ஒரு கூடை முருங்கைக்காயைப் பார்த்து விலை கேட்டாள். மாமி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் வற்றிவிடும் போல இருந்தது. புஸ்பராணி ஊரிலேயே மிகச் சுத்தமான பெண் ஆகிவிட்டாள்.

கடைசிப் பக்கத்தில் கோடு கீறி, மேலே 'கலியாண லோஞ்சு' என்று எழுதினாள். இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

"ஏனடி எழுதேல்லை?" என்றாள் புஸ்பராணி.

மயங்கி விழுவேன் என்று இப்போது எழுத வரவில்லை. அதை அவளே நம்பவில்லை. அதற்குக் கீழே வேறொன்று இருந்தது. மில்லுக்கும் துறைமுகத்துக்கும் போய்ப் பார்க்க முடியாத ஒன்று. பூரணம் எழுதினாள்: நான் ஏறினால் லோஞ்சு தாழும்.

புஸ்பராணி அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "இது என்ன விசர்க்கதை? அந்தப் புயல் உன்னைக் கேட்டுக்கொண்டோ வந்தது?"

பூரணம் கொப்பியை மூடினாள். சொல்லிவிடலாம் என்று இருந்தது. ஆனால் புஸ்பராணியின் வாய் ஊருக்குத் தெரிந்த வாய்.

"சரி," என்றாள் புஸ்பராணி. "உதுக்கும் பந்தயம். நீ வெண்டால் நான் அள்ளி ஊத்தத் தேவையில்லை. எல்லாரும் நனைஞ்சிருப்பம்."

*

தை மாதக் கடைசி. மழை விட்டுக் காற்றும் அடங்கிய காலை. லோஞ்சில் முப்பத்தொரு பேர், இரண்டு மேளகாரர், ஏழு பலகாரப் பெட்டி. ஒரு வாழைக்குலையை யார் மடியில் வைப்பது என்பதில் தகராறு. மறுநாள் சம்பூரில் முகூர்த்தம். பட்டு வேட்டியோடு குலசிங்கம், மடியில் கூறைத் தட்டோடு பூரணம், அவளுடைய தோளை இடித்துக்கொண்டு புஸ்பராணி.

தண்டேல் ஸெய்னுதீன் மூதூர்க்காரர். சூறாவளி அன்று லோஞ்சு ஓட்டியவரும் அவர்தான். பழைய லோஞ்சு உடைந்துபோக, இது புதிது, பச்சை வண்ணம். பூரணம் ஏறியதும் இரண்டு கையையும் தூக்கினார்.

"ரீச்சர்! நம்மட பதினெட்டுப் பேரும் மார்கழி இருவத்திரண்டுக்குச் சேந்து உக்காந்து சோறு திண்டம். உங்கட எலைய மட்டும் சும்மா போட்டு வெச்சிருந்தம். இந்த வருசம் வரணும், சொல்லிட்டன்."

பூரணம் தலையாட்டினாள். தனக்கு ஓர் இலை போட்டிருந்தார்கள் என்பது அவளுக்குப் புதிய செய்தி.

லோஞ்சு புறப்பட்டது. துறைமுக வாயைத் தாண்டியதும் குடா விரிந்தது. பூரணம் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். நாடி நூற்றுப் பத்தாவது இருக்கும். நாகசுரக்காரருக்கு வயிற்றைப் பிரட்டியது. தவில்காரர், "அண்ணை, காத்து வீணாப் போகுது, வாசியுங்கோவன்," என்று அவரைச் சீண்டினார். மாமி எல்லார் கையிலும் சீனி அரியதரம் வைத்துக்கொண்டு வந்தாள். பூரணத்துக்கு முன்னால் வந்ததும் வாய் திறந்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், அரியதரத்தைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

பாதிக் குடா வந்தது. ஸெய்னுதீன் குலசிங்கத்தைப் பார்த்தார். குலசிங்கம் பூரணத்தைப் பார்த்தான். பூரணம் தட்டோடு எழுந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

இஞ்சின் நின்றது.

நெஞ்சு அடித்தது. கை குளிர்ந்தது. எதிர்பார்த்ததுதான். அவள் காத்திருந்தாள். பலகையில் தண்ணீர் தட்டுகிற சத்தம் கேட்டது. யாருடைய வளையலோ. நாகசுரக்காரர் ஏப்பம் விட்டார், இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்று இஞ்சின் நின்றபின் அவளுக்குக் காற்றைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. இன்று நின்றபின் இவ்வளவு கேட்டது. லோஞ்சு மெல்ல ஒரு பக்கம் சரிந்து மறுபக்கம் வந்தது. தாழவில்லை.

குலசிங்கம் விளிம்பில் வைத்த கல்லில் தேங்காயை ஓங்கினான். முதல் அடியில் உடையவில்லை.

"மாப்பிள்ளைக்கு இன்னும் கஞ்சி காணாது!" என்றாள் புஸ்பராணி.

சிரிப்பில் இரண்டாம் அடி விழுந்தது. தேங்காய்த் தண்ணீர் தெறித்துப் பூரணத்தின் கன்னத்தில் பட்டது. இரண்டு பாதிகளும் கடலில் விழுந்து, நிமிர்ந்து, வெள்ளை உள்பக்கம் தெரிய மெல்லப் பின்னால் போயின. அவை மறையும்வரை காத்திருக்க வேண்டும்.

"காக்கா, அது மறையுமட்டும் அந்தக் கதையைச் சொல்லுங்கோவன்," என்றார் தவில்காரர், ஸெய்னுதீனைப் பார்த்து. முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் அங்கே எல்லாரும் கூப்பிடுவார்கள்.

குலசிங்கம் வேண்டாம் என்று கையைக் காட்டினான். பூரணம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். எழுந்து போகக் குசினியும் இல்லை, போகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஸெய்னுதீன் சாரத்தை மடித்துக் கட்டினார். நூறு தரம் சொன்ன கதை. கேட்டவர்களுக்கும் பாடம்.

"இதே எடம். பகல் ஒரு மணி. இஞ்சினுக்குள்ள தண்ணி. அலை எவ்வளவு?"

"பனை உசரம்!" என்றார்கள் எல்லாரும்.

"பனை உசரம். லோஞ்சில பத்தொம்பது பேரும், விருந்துக்கு ஏத்தின ரெண்டு கிடாயும். நான் பின்னுக்கு இஞ்சினோட மல்லுக்கட்டுறன். முன்னுக்கு இருக்கிற ஆக்களப் பாத்துக் கத்துறன், நங்கூரத்தப் போடுங்க எண்டு. ஆரோ போட்டாங்க, அது ஆரெண்டு இண்டைக்கும் தெரியா. போட்டும் லோஞ்சு நிக்கல்ல. கயிறு அறுந்து போச்சு. எவ்வளவு மொத்தக் கயிறு?"

"கைமொத்தம்!"

"கைமொத்தக் கயிறு. இப்ப கேளுங்க. அந்த நங்கூரம் மட்டும் புடிச்சிருந்தா, நாம ஒருத்தரும் இல்ல. அந்த அலைக்கு முகப்பப் புடிச்சுக் கட்டினா, அடுத்த அலை மேலால ஏறி அமத்திப் போடும். பெரிய தண்டேல்மாரிட்டக் கேட்டுப் பாத்துட்டன், எல்லாரும் அதத்தான் சென்னாங்க. நான் போடச் சென்னதே பிழை. பதினாலு வருசம் லோஞ்சு ஓட்டினவன், பயத்துல புத்தி தடுமாறிட்டு. அறுந்ததால காத்தோட போனம். காத்தோட போனதால கரை. கரை ஏறினதால கஞ்சி. கஞ்சியால இந்தா மாப்பிள்ளை! அல்லாஹ்ட காவல்."

எல்லாரும் ஆரவாரித்தார்கள். குலசிங்கம் வெட்கத்தில் சால்வையைச் சரி செய்தான்.

பூரணம் அசையாமல் நின்றாள். இந்தக் கதை நானூற்றுப் பதினொரு நாளாக ஊரில் திரிந்திருக்கிறது. மூதூர்த் தேத்தண்ணிக் கடையில் இருந்திருக்கிறது, மாமி வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது. அவள்தான் ஒவ்வொரு முறையும் எழுந்து போயிருந்தாள். நங்கூரம் பிடித்திருந்தால் என்று அவளும் ஒவ்வொரு நாளும் எண்ணியிருந்தாள், ஆனால் அந்த வசனத்தை வேறு விதமாக முடித்திருந்தாள். நெஞ்சு இன்னும் அடித்தது. ஆனால் அது பயத்தின் அடியா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தேங்காய்ப் பாதிகள் இரண்டு புள்ளியாகிவிட்டன. முன்னால் சம்பூர்க் கரையின் பனைகள் மெல்லிய கோடாகத் தெரிந்தன.

"அதில பெரிய புதினம் கிடாய் ரெண்டும்," ஸெய்னுதீன் இன்னும் விடவில்லை. "மனிசர் எல்லாம் அங்கயும் இங்கயும் உருளுறாங்க. கிடாய் ரெண்டும் கட்டின எடத்துலயே நிக்கிது, ஆடாம அசையாம. கரையிலயும் அப்பிடியே எறங்கிச்சி. நான் கட்டின கட்டு அப்பிடி!"

"காக்கா," என்றாள் பூரணம்.

அவள் கூட்டத்தில் குரல் எழுப்பி ஒருவரும் கேட்டதில்லை. லோஞ்சே திரும்பிப் பார்த்தது. கூறைத் தட்டு அவள் கையில் நேராக இருந்தது. முகம் சிவந்திருந்தது, ஆனால் உதட்டில் ஏதோ அடக்க முடியாமல் துடித்தது.

"கயிறு அறேல்லை, காக்கா. நங்கூரத்தைத் தூக்கிப் போட்டது நான். போட்டாப் பிறகுதான் பாத்தனான், அதிலை கயிறே இல்லை. நீங்கள் அந்தக் கயித்தை அவிட்டுக் கிடாய் இரண்டையும் கட்டி வைச்சிருந்தனீங்கள்."